டெட்பரி ரயில் நிலையம்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் இங்கிலாந்தின் டெட்பரி ஊரிலுள்ள பழைய கூட்ஸ் ஷெட்டின் படத்தை வெளியிட்டு, "1964இல் மூடிய கிளைப்பாதையின் கடைசி நிலையம்" என்று ஒரே வரியில் குறிப்பு எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

டெட்பரி எங்கே இருக்கிறது? எத்தனை மைல் பாதை, யார் போட்டது, எப்போது மூடினார்கள்? சுருக்கமாகச் சொன்னால் போதும்.
(வாசகர், திருநெல்வேலி)

டெட்பரி குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், காட்ஸ்வோல்ட்ஸ் மலைச்சரிவில் உள்ள சந்தை ஊர். ஒரு காலத்தில் கம்பளி வியாபாரத்தில் செழித்தது. தூண்கள்மேல் நிற்கும் 1655ஆம் ஆண்டுச் சந்தைக் கட்டடம் இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. மன்னர் சார்லஸின் ஹைகுரோவ் இல்லம் பக்கத்தில்தான்.

பாதையைப் போட்டது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டன் வழியாக குளோஸ்டருக்குப் போகும் பிரதான பாதையில் கெம்பிள் என்ற சந்திப்பு வரும். அங்கிருந்து டெட்பரிக்கு சுமார் 7 மைல், ஒற்றைப் பாதை. 1889 டிசம்பர் 2 அன்று திறந்தது. சரக்குப் போக்குவரத்து 1963 ஆகஸ்ட் 5 அன்றும், பயணிகள் போக்குவரத்து 1964 ஏப்ரல் 6 அன்றும் நின்றன. முதலில் நின்றது சரக்கு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1889இல்தான் டெட்பரிக்கு ரயில் வந்தது என்கிறீர்கள். என்னிடமுள்ள 1860களின் கால அட்டவணை நகலில் "டெட்பரி ரோடு" என்று ஒரு நிலையம் இருக்கிறதே! யார் சொல்வது சரி?
(வாசகி, கோயம்புத்தூர்)

இரண்டும் சரி. ஆங்கில ரயில்வே அட்டவணையில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் "ரோடு" என்று வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். "இங்கே இறங்கினால் அந்த ஊருக்குப் போகும் சாலை கிடைக்கும்" என்பதுதான் அதன் பொருள். ஊர் கிடைக்கும் என்று பொருளில்லை. டெட்பரி ரோடு நிலையத்தில் இறங்கியவர் டெட்பரி போய்ச் சேர, குதிரை வண்டியிலோ நடந்தோ இன்னும் 6 மைலுக்கு மேல் போக வேண்டும்.

அந்த நிலையம் அங்கே வந்ததற்குக் காரணம் கெம்பிள் நிலக்கிழார் ராபர்ட் கார்டன். 1840களில் பிரதான பாதை அவர் நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. 7,500 பவுண்டு இழப்பீடு வாங்கிக்கொண்டார். தம் மாளிகையிலிருந்து ரயில் கண்ணில் படக் கூடாது என்று சுமார் 400 கஜத்துக்குச் சுரங்கப்பாதை போட வைத்தார். தம் நிலத்தில் பொதுமக்களுக்கு நிலையம் கூடாது என்றும் நிபந்தனை போட்டார். அதனால் 1845இல் கெம்பிள் வெறும் வண்டி மாறும் இடமாகவே இருந்தது. ஊர்க்காரர்கள் ஏறி இறங்க, வடக்கே தள்ளி டெட்பரி ரோடு நிலையத்தைத் திறந்தார்கள். 1882இல் கெம்பிள் பொதுமக்களுக்குத் திறந்ததும் டெட்பரி ரோட்டில் பயணிகள் வண்டி நிற்பது முடிந்தது. ஆகவே உங்கள் அட்டவணையில் குற்றமில்லை.

கிரேட் வெஸ்டர்ன் என்றாலே பிராட்கேஜ்தானே? டெட்பரி பாதையும் பிராட்கேஜில் போட்டு, பிறகு மாற்றியதா?
(வாசகர், சேலம்)

இல்லை. நம் ஊரில் பிராட்கேஜ் என்றால் 5 அடி 6 அங்குலம். கிரேட் வெஸ்டர்னின் பொறியாளர் புருனெல் போட்ட பிராட்கேஜ் 7 அடி கால் அங்குலம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் மற்றக் கம்பெனிகளில் பெரும்பாலானவை 4 அடி 8½ அங்குலத்தில் போட்டன. கடைசியில் வென்றது அதுதான்.

ஸ்விண்டன்–குளோஸ்டர் பாதை 1872 மே மாதத்திலேயே சிறிய அகலத்துக்கு மாறிவிட்டது. டெட்பரி கிளை அதற்கு 17 ஆண்டு கழித்து வந்ததால் தொடக்கமே 4 அடி 8½தான். ஆனால் அதே கெம்பிளிலிருந்து மறுபக்கம் போகும் சைரன்செஸ்டர் கிளை 1841இல் திறந்தது. அது பிராட்கேஜாகப் பிறந்து மாறியது. இரண்டு கிளைகளும் ஒரே சந்திப்பில் சேர்வதால் இந்தக் குழப்பம் வருகிறது.

போகிற போக்கில் இன்னொன்று. சைரன்செஸ்டருக்கு இரண்டு நிலையங்கள் இருந்தன. கெம்பிள் கிளையின் முடிவிலிருப்பது "டவுன்", 1964இல் மூடியது. மற்றது வேறொரு கம்பெனியின் "வாட்டர்மூர்", 1961இலேயே மூடிவிட்டது. பழைய படங்களில் வெறும் "சைரன்செஸ்டர்" என்று எழுதியிருந்தால் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன், பிளாட்பாரம், ஹால்ட் என்று ஒரே பாதையில் மூன்று விதமாக எழுதுகிறார்களே, என்ன வித்தியாசம்?
(வாசகர், வேலூர்)

கிரேட் வெஸ்டர்னில் மூன்றுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. "ஸ்டேஷன்" என்றால் ஆள் இருப்பார், டிக்கெட் கொடுப்பார். பெரும்பாலும் சரக்கும் எடுப்பார்கள். "ஹால்ட்" என்றால் ஆளில்லாத நிறுத்தம்: சிறு மேடை, விளக்கு, பெயர்ப்பலகை, அதிர்ஷ்டம் இருந்தால் மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை. "பிளாட்பாரம்" இரண்டுக்கும் நடுவில். மேடை நீளம், சில இடங்களில் ஆளும் இருப்பார், பார்சலும் எடுப்பார்கள்.

ஹால்ட் என்ற சொல்லை அந்தக் கம்பெனி பிடித்துக்கொண்டதும் இதே மாவட்டத்தில்தான். 1903 அக்டோபர் 12 அன்று ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கில் சால்ஃபோர்டுக்கும் ஸ்டோன்ஹவுசுக்கும் இடையே எஞ்சினும் பெட்டியும் ஒன்றாக அமைந்த நீராவி ரயில்மோட்டார் வண்டிகளை விட்டார்கள். அதற்கென வழியில் மலிவான நிறுத்தங்களைப் போட்டு, பிரெஞ்சுப் பாணியில் கடைசியில் ஓர் "இ" சேர்த்து ஹால்ட் என்று எழுதினார்கள். இரண்டு ஆண்டுக்குள் அந்த எழுத்து உதிர்ந்துவிட்டது.

கெம்பிளிலிருந்து டெட்பரி வரை இடையில் வந்தவை: ஜாக்கமன்ட்ஸ் பிரிட்ஜ் ஹால்ட், பக்கத்து விமானப்படைத் தளத்துக்காக 1939இல் திறந்து 1948இல் மூடியது. ராட்மார்ட்டன் பிளாட்பாரம், 1904. கல்கர்டன், 1889இல் பாதையோடு பிறந்தது. 1956இல் மூடி, 1959இல் மறுபடி திறந்தார்கள். இவை தவிர சர்ச்சஸ் ஹில் ஹால்ட், ட்ரபுள் ஹவுஸ் ஹால்ட். இரண்டும் 1959இல் வந்தவை, 1964இல் போனவை. ஐந்து வயது.

ட்ரபுள் ஹவுஸ் ஹால்ட் ஒரு மதுக்கடைக்காகவே கட்டியது என்று படித்தேன். நிஜமா, வேடிக்கைக்காகச் சொல்வதா?
(வாசகர், புதுச்சேரி)

நிஜம்தான். டெட்பரியிலிருந்து சைரன்செஸ்டர் போகும் சாலையில் ஊரைத் தாண்டி சுமார் 2 மைலில் ட்ரபுள் ஹவுஸ் என்ற மதுவிடுதி. சுற்றிலும் வயல். எதிரே தண்டவாளம். ஒரு மதுவிடுதிக்கு என்றே அமைந்த நிறுத்தம் இங்கிலாந்தில் இது ஒன்றுதான் என்று சொல்வார்கள்.

வழக்கமான ஆங்கில நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் சுமார் 3 அடி உயரம் இருக்கும். அதைக் கட்ட மண் நிரப்ப வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், விளிம்புக் கல் பதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு பேர் இறங்கும் இடத்துக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே தரைமட்டத்திலேயே நிறுத்தத்தை அமைத்து, அங்கே ஓடிய ரயில்பஸ் என்ற சிறு டீசல் வண்டியிலேயே படி வைத்துவிட்டார்கள். அந்தப் படியும் எட்டாதவர்களுக்கு ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள் என்பது இந்த நிறுத்தத்தின் புகழ்பெற்ற விவரம். மதுவிடுதி வாசலில் அதற்கா பஞ்சம்!

அந்த ரயில்பஸ் என்பது என்ன? பஸ்ஸுக்கு ரயில் சக்கரம் மாட்டியதா? நல்ல யோசனையாகத்தானே இருக்கிறது, ஏன் பரவவில்லை?
(வாசகி, ஈரோடு)

பஸ்ஸை மாற்றியதல்ல, பஸ் அளவில் புதிதாகக் கட்டிய வண்டி. 1950களின் இறுதியில் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஐந்து தயாரிப்பாளர்களிடமிருந்து மொத்தம் 22 வண்டிகள் வாங்கிப் பரிசோதித்தது. கெம்பிள் கிளைகளுக்கு வந்தவை ஏசி கார்ஸ் கம்பெனி கட்டியவை. பந்தயக் கார்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டிகளுக்கும் பெயர்பெற்ற கம்பெனி அது. அவர்கள் கட்டியது 5 ரயில்பஸ்கள். நான்கே சக்கரம், இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை, 46 இருக்கை, 150 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், எடை சுமார் 11 டன். 1959 பிப்ரவரி 2 முதல் டெட்பரிக்கும் சைரன்செஸ்டருக்கும் ஓடின.

மிச்சம் எங்கே என்று பாருங்கள். நீராவி எஞ்சின் என்றால் ஓட்டுநர், நிலக்கரி போடுபவர், கார்டு என்று மூன்று பேர். காலையில் நீராவி ஏறவே சில மணி நேரம் ஆகும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் சுற்றிக்கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். ரயில்பஸ்ஸுக்கு இரண்டு பேர் போதும். சாவியைத் திருப்பினால் கிளம்பும். திரும்பி வர ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும். டிக்கெட்டும் வண்டியிலேயே கொடுத்தார்கள்.

இனி குறைகள்.

முதலாவது, இரண்டு ரயில்பஸ்களை இணைத்து ஒரே ஓட்டுநர் ஓட்டும் வசதி இல்லை. சந்தை நாளில் 46 இருக்கை நிரம்பினால் மீதிப் பேர் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, மாற்று வண்டி. ரயில்பஸ் பழுதானால் நீராவி எஞ்சினையும் சாதாரணப் பெட்டியையும் அனுப்ப வேண்டும். பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து சுமார் 4 அடி உயரம், தரைக்கு எட்டும் படியும் கிடையாது. தரைமட்ட ஹால்ட்டில் அதில் ஏறுவதும் இறங்குவதும் எப்படி?

மூன்றாவது, எடை. சிக்னல் அறைக்கு "இந்தத் தடத்தில் வண்டி இருக்கிறது" என்று சொல்வது டிராக் சர்க்யூட் என்ற மின்சுற்று. இரண்டு தண்டவாளத்திலும் குறைந்த அழுத்த மின்சாரம் ஓடும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டையும் இணைத்ததும் ரிலே என்ற மின்விசை விழும், சிக்னல் சிவப்பாகும். கனமான வண்டி தண்டவாளத்து மேல்பரப்பின் துருவையும் அழுக்கையும் நசுக்கித் தொட்டுவிடும். 11 டன்னில் இரண்டே அச்சுள்ள வண்டி சில நேரம் சரியாகத் தொடாது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே தடம் காலி என்று காட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நிறைய வண்டிகள் ஓடும் பிரதான பாதையில் இவற்றை விட அதிகாரிகள் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, ஆட்டம். போகி என்ற, திரும்பக்கூடிய சக்கரச் சட்டம் இல்லாத நான்கு சக்கர வண்டி ஒவ்வொரு தண்டவாள இணைப்பிலும் மொத்தமாகக் குதிக்கும். காலைக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாது.

22 வண்டிகளும் 1968க்குள் சேவையிலிருந்து போய்விட்டன. ஏசி கார்ஸ் வண்டிகளில் இரண்டு பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

ரயில்பஸ் வந்தபின் பயணிகள் கூடினார்கள், செலவும் குறைந்தது என்கிறார்கள். அப்புறம் ஏன் மூடினார்கள்? கணக்கு இடிக்கிறதே.
(வாசகர், மதுரை)

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி இது. கணக்கு இடிக்கவில்லை, நாம் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறோம்.

ரயிலுக்கு இரண்டு செலவு. ஒன்று வண்டியை ஓட்டும் செலவு: ஆள், எரிபொருள், பழுதுபார்ப்பு. ரயில்பஸ் குறைத்தது இதை. மற்றது பாதையை வைத்திருக்கும் செலவு. 7 மைலுக்கு ஸ்லீப்பர் கட்டை மாற்ற வேண்டும், ஜல்லி நிரப்ப வேண்டும், பாலத்துக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும், வேலி அடைக்க வேண்டும், வடிகால் தோண்ட வேண்டும், தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்க கேங் ஆட்கள் வேண்டும். அதன்மேல் 11 டன் வண்டி ஓடினாலும் 200 டன் வண்டி ஓடினாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி மாறாது. சாலையில் போகும் பஸ் இந்தச் செலவை லாரி, கார் எல்லாவற்றோடும் பங்கிட்டுக்கொள்கிறது. டெட்பரி ரயில்பஸ் தனியாகச் சுமந்தது.

முழுக்கத் தனியாகவும் இல்லை, 1963 ஆகஸ்ட் வரை. அதுவரை நிலக்கரியும் சரக்கும் ஒரு பங்கு ஏற்றன. சரக்கை நிறுத்திய நாளிலிருந்து 7 மைல் பாதையின் முழுச் செலவும் 46 இருக்கையின் தலையில். எங்களைக் கேட்டால் டெட்பரி உண்மையில் மூடிய நாள் 1963 ஆகஸ்ட் 5. அடுத்த எட்டு மாதம் வெறும் சடங்கு.

இந்தக் கணக்கை வெளிப்படையாக எடுத்து வைத்தவர் டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங். ஐசிஐ ரசாயனக் கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 24,000 பவுண்டு சம்பளத்துக்கு ரயில்வே தலைவராக வந்தவர். அந்தச் சம்பளம் பிரதமருடையதைவிட அதிகம் என்று அப்போது பெரிய கூச்சல். 1963 மார்ச் 27 அன்று வெளியான அவருடைய அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. பாதைகளின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சுமக்கிறது என்று காட்டியது. ரயில்பஸ் விடலாமே என்ற யோசனைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: பாதையின் செலவை அந்த யோசனை கணக்கில் எடுக்கவில்லை, தவிர ரயில்பஸ் சாலைப் பஸ்ஸைவிட விலை கூடியது.

பீச்சிங் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. பயணிகள் கணக்கெடுப்பு 1961 ஏப்ரல் 23இல் முடிந்த ஒரே ஒரு வாரத்தை வைத்து. கோடை விடுமுறைக்கு நிரம்பி வழியும் கடற்கரைப் பாதைகளுக்கு அந்த வாரம் அநியாயம். கிளையிலிருந்து வந்து பிரதான பாதையில் நெடுந்தூரம் போகும் பயணி, கிளை போனபின் கெம்பிள் வரை காரில் வந்து ரயில் ஏறுவார் என்று எதிர்பார்த்ததும் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. காரில் ஏறியவர்களில் பலர் கடைசிவரை காரிலேயே போய்விட்டார்கள். ஆனால் டெட்பரி கடற்கரை ஊரும் இல்லை, சரக்கும் போய்விட்டது. வாதாட வலுவான கட்சி இல்லை.

ஊர்மக்கள் எதிர்க்கவில்லையா? சட்டத்தில் வழி இருந்திருக்குமே?
(வாசகர், காஞ்சிபுரம்)

வழி இருந்தது, குறுகலாக. 1962ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, பயணிகள் சேவையை மூடுவதென்றால் உள்ளூரில் விற்கும் இரண்டு பத்திரிகைகளில் அடுத்தடுத்த இரண்டு வாரம் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது ஆறு வாரம் அவகாசம். ஆட்சேபம் வந்தால் வட்டாரப் போக்குவரத்துப் பயனாளர் குழு விசாரித்து அமைச்சருக்கு அறிக்கை கொடுக்கும். முடிவு அமைச்சருடையது.

குழு கேட்கக்கூடிய ஒரே விஷயம் "கஷ்டம்". மூடினால் யாருக்கு என்ன கஷ்டம், அதைத் தீர்க்க எத்தனை பஸ் விட வேண்டும் என்பது மட்டும். ரயில்வே காட்டும் நஷ்டக் கணக்கு சரியா, செலவை வேறு வழியில் குறைக்க முடியாதா என்று கேட்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் வந்து புள்ளிவிவரம் பேசினால் "இது எங்கள் வரம்புக்கு வெளியே" என்று உட்கார வைத்துவிடுவார்கள். "நான் தினமும் 8 மணி வண்டியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன், பஸ் 9 மணிக்குத்தான்" என்று சொன்னவர்களின் பேச்சுத்தான் ஏறியது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த விசாரணையெல்லாம் பயணிகள் சேவைக்குத்தான். சரக்கை நிறுத்த அமைச்சர் அனுமதியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். 1963 ஆகஸ்டில் சரக்கு போனபோது யாரும் மனுப் போட இடமே இல்லை.

மூடிய தேதி ஒரு நூலில் ஏப்ரல் 5, இன்னொன்றில் ஏப்ரல் 6. எதை எழுதுவது? கடைசி ரயிலில் சவப்பெட்டி ஏற்றினார்களாமே?
(வாசகி, தஞ்சாவூர்)

பிரிட்டிஷ் ரயில்வேஸ் "மூடிய தேதி" என்று பதிவது வண்டி இல்லாத முதல் நாளை. அது வழக்கமாகத் திங்கட்கிழமை. 1964 ஏப்ரல் 6 திங்கள்தான். கடைசி வண்டி அதற்கு முந்தைய வாரக் கடைசியில் ஓடியிருக்கும். ஆகவே "ஏப்ரல் 6 முதல் மூடப்பட்டது" என்று எழுதுங்கள். "ஏப்ரல் 6இல் கடைசி ரயில் ஓடியது" என்று எழுதினால் தவறு. மூடிய எந்த ஆங்கில நிலையத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும்: தேதி திங்களில் விழுந்தால் அது அதிகாரப்பூர்வத் தேதி, சனி அல்லது ஞாயிறில் விழுந்தால் அது கடைசி ஓட்டம்.

சவப்பெட்டி உண்மை. ட்ரபுள் ஹவுஸ் ஹால்ட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் போல வட்டத் தொப்பி அணிந்தவர்கள் ஒரு சவப்பெட்டியைக் கடைசி வண்டியில் ஏற்றினார்கள். உள்ளே காலி விஸ்கி பாட்டில்கள். பெறுநர் முகவரி: டாக்டர் பீச்சிங்.

அடுத்த ஆண்டு மகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறேன். டெட்பரியில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது? பழைய பாதையில் நடக்கலாமா?
(வாசகர், சென்னை)

நிலையக் கட்டடம் இல்லை, இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்தம். நிற்பது கூட்ஸ் ஷெட். அதைப் புதுப்பித்துக் கலையரங்கமாக்கியிருக்கிறார்கள், நாங்கள் படம் போட்டது அதைத்தான்.

உள்ளே போனால் வேலை நடந்த விதத்தை மனத்தில் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட ஷெட்டில் ஒரு பக்கம் தண்டவாளம் நுழையும், மறுபக்கம் வண்டிப்பாதை. நடுவில் வேகன் தரைமட்டத்துக்கு ஓர் உயர்ந்த மேடை. வேகனிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து குதிரை வண்டிக்கு என்று சரக்கு நேராக நகரும். தூக்கி இறக்கும் வேலை மிச்சம். கனமான பொருளுக்கு மேடைமேல் கையால் சுற்றும் சிறு கிரேன். மழை பெய்தாலும் மூட்டை நனையாது. நிலக்கரி மட்டும் உள்ளே வராது, வெளியே சைடிங் என்ற பக்கத் தடத்தில் கொட்டிக் குவிப்பார்கள்.

போக வழி: பாடிங்டனில் குளோஸ்டர், செல்டனம் பக்கம் போகும் வண்டி ஏறி கெம்பிளில் இறங்குங்கள். அங்கிருந்து டெட்பரிக்குச் சாலை வழிதான். நேரம் இருந்தால் சைரன்செஸ்டரும் போய்வாருங்கள். அந்த டவுன் நிலையக் கட்டடம் கார் நிறுத்தத்துக்கு நடுவில் இன்னும் நிற்கிறது, பாதுகாக்கப்பட்ட கட்டடமும்கூட.

நடப்பதைப் பொறுத்தவரை, டெட்பரி நிலையப் பகுதியிலிருந்து சிறிது தூரம் பொதுப் பாதை உண்டு. கெம்பிள் வரை 7 மைலும் நடக்கலாம் என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். பாதை மூடியதும் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. பல இடங்களில் பாதைக்காக எழுப்பிய மண்கரையைச் சமன் செய்து உழுதுவிட்டார்கள், சில இடங்களில் தனியார் தோட்டம். போகுமுன் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 168ஆம் எண் வரைபடம் வாங்குங்கள், அளவு 1:25,000. பச்சைக் கோடிட்ட பாதையில் நடக்கலாம். "பழைய ரயில்பாதை" என்று எழுதியிருப்பதாலேயே நடக்க உரிமை வந்துவிடாது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. இலை உதிர்ந்திருக்கும், கரையும், பாதைக்காக மண்ணை வெட்டிய பள்ளமும் தெளிவாகத் தெரியும். ஜூலையில் போனால் முட்செடி இடுப்பு உயரம்.

ஊரிலிருந்தபடியே இப்படி மூடிய ஒரு நிலையத்தின் அமைப்பை ஆராய முடியுமா? எங்கே தொடங்குவது?
(கல்லூரி மாணவி, திருச்சி)

முடியும், செலவில்லாமலே. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கான பழைய ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்களும் இலவசமாக இருக்கின்றன. மைலுக்கு 25 அங்குல வரைபடத்தை எடுங்கள், அதாவது 1:2,500. தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 25 மீட்டர். இதில் ஒவ்வொரு தடமும், தடம் பிரியும் பாயின்டும் வரைந்திருக்கும். டெட்பரிக்கு 1889க்கு முந்தைய தாளைத் திறந்துவிட்டு "நிலையமே இல்லையே" என்று குழம்ப வேண்டாம். 1900ஐ ஒட்டிய திருத்தப் பதிப்பைப் பாருங்கள். வரைபடத்திலுள்ள சுருக்க எழுத்துகள்: எஸ்.பி. (S.P.) என்றால் சிக்னல் கம்பம், எஸ்.பி. (S.B.) என்றால் சிக்னல் அறை, எம்.பி. (M.P.) மைல் கம்பம், டபிள்யூ.எம். எடை மேடை, எஃப்.பி. நடைபாலம். எடை மேடை எங்கிருக்கிறதோ பெரும்பாலும் அங்கேதான் நிலக்கரி வியாபாரியின் வண்டி வெளியேறும் வாசல்.

அதே தளத்தில் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி உண்டு. உழுத வயலில்கூட வளைந்து போகும் வேலி, வயலைக் குறுக்கே வெட்டும் ஒற்றை மரவரிசை, காரணமில்லாமல் சாலையில் ஒரு மேடு இவை தெரிந்தால் அங்கே தண்டவாளம் இருந்திருக்கலாம். இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை வெளியிடும், லேசர் ஒளியால் அளந்த லைடார் உயரப் படங்களில் மரத்தை நீக்கிவிட்டு தரையை மட்டும் பார்க்கலாம். கரைகள் தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

நிலையத்தில் என்ன வசதி இருந்தது என்பதற்கு ரயில்வே கம்பெனிகளுக்கிடையே கட்டணக் கணக்கைத் தீர்த்த ரயில்வே கிளியரிங் ஹவுஸ் வெளியிட்ட 1904ஆம் ஆண்டு நிலையக் கையேடு. மறுபதிப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத்துகள் இருக்கும்: ஜி சரக்கு, பி பயணிகளும் பார்சலும், எஃப் சாமான் வண்டிகளும் சக்கரம் வைத்த இயந்திரங்களும், எல் கால்நடை, எச் குதிரைப் பெட்டி, சி பயணிகள் ரயிலில் ஏற்றும் கோச் வண்டி. கடைசியில் கிரேன் எத்தனை டன் தூக்கும் என்ற எண். "எல்" இல்லாத நிலையத்தில் மாட்டுத் தொழுவம் தேட வேண்டாம்.

தூரத்தை மைல், செயின் என்று எழுதியிருப்பார்கள். 80 செயின் ஒரு மைல். ஒரு செயின் 66 அடி, அதாவது 20.12 மீட்டர். 6 மைல் 40 செயின் என்பதை 6.40 என்று எழுதிவிட்டுக் கணக்குப் போடாதீர்கள், அது ஆறரை மைல். நிறைய ஆய்வேடுகள் வழுக்கி விழும் இடம் இது.

எங்கள் சேகரிப்பில் டெட்பரி பெயர் அச்சிட்ட அட்டை டிக்கெட் ஒன்று இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?
(வாசகர், பெங்களூரு)

நம் ரயில் நிலையங்களில் கணினி வருமுன் கொடுத்த அதே அட்டை டிக்கெட்தான். 1830களில் வட இங்கிலாந்தின் மில்டன் நிலையத்தில் வேலை பார்த்த தாமஸ் எட்மண்ட்சன் கண்டுபிடித்த முறை. அளவு 57க்கு 30 மில்லிமீட்டர். முதலில் அளந்து பாருங்கள். வரிசை எண் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். தேதி மையில் இல்லாமல், அழுத்தத்தில் பதிந்திருந்தால் விரலில் தடவிப் பார்க்கத் தெரியும். குழந்தை டிக்கெட் என்றால் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள், அது சேதமில்லை.

கம்பெனிப் பெயரைப் பாருங்கள். கிரேட் வெஸ்டர்ன் 1947 முடிவோடு அரசுடைமையானது. 1948க்குப் பின் அச்சானதில் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்றும், மேற்குப் பிராந்தியத்துக்கு டபிள்யூ என்றும் இருக்கும். பழைய இருப்பு தீரும்வரை கொடுத்ததால், 1950 தேதியோடு கிரேட் வெஸ்டர்ன் பெயர் இருந்தால் உடனே போலி என்று தூக்கி எறிய வேண்டாம். ஆனால் ட்ரபுள் ஹவுஸிலிருந்து புறப்படும் டிக்கெட்டில் கிரேட் வெஸ்டர்ன் பெயர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்; அந்த நிறுத்தம் பிறந்தபோது கம்பெனி இறந்து 11 ஆண்டு.

மூடிய பாதைகளை இங்கிலாந்தில் இப்போது திறக்கிறார்களாமே. டெட்பரிக்கு வாய்ப்பு உண்டா?
(வாசகர், நாகர்கோவில்)

திறக்கிறார்கள், சிலவற்றை. டெவனில் ஓக்ஹாம்ப்டன் 2021 நவம்பர் 20 அன்று தினசரிச் சேவைக்குத் திரும்பியது. நியூகாசிலிலிருந்து ஆஷிங்டனுக்கு 2024 டிசம்பரில் பயணிகள் ரயில் மறுபடி ஓடியது, 60 ஆண்டுக்குப் பின். இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள்: தண்டவாளம் போகவில்லை. ஓக்ஹாம்ப்டன் பாதையை மெல்டன் கல் குவாரி பிழைக்க வைத்தது; ஆஷிங்டன் பாதையை நிலக்கரியும் மற்றச் சரக்கும். பாலம் இருக்கிறது, கரை இருக்கிறது, நிலம் துண்டுபடவில்லை. புதிதாகப் போட வேண்டியது ஸ்லீப்பர், ஜல்லி, நடைமேடை.

டெட்பரியில் சரக்கு முதலில் போனது. அதனால் தண்டவாளமும் போனது, நிலமும் போனது. பிரதான பாதைக்கே அந்தக் காலத்தில் சிக்கனம் பிடித்தது: ஸ்விண்டனிலிருந்து கெம்பிள் வரை இருந்த இரட்டைப் பாதையில் ஒன்றை 1968இல் எடுத்துவிட்டார்கள், 2014இல் மறுபடி போட்டார்கள். அதன் பலன் டெட்பரிக்காரர்களுக்கும் கொஞ்சம் உண்டு, கெம்பிள் வரை காரில் வந்தால்.